வரப்பில் களைக்கொல்லி வேண்டாம், பூச்சிகளை எண்ணுவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "மழைக்கு முன்னாடி தட்டான் கூட்டமா வருமே, இப்போ எங்கே?" "தெருவிளக்குக்கு அடியில ஈசலைப் பெருக்கி அள்ளுவோமே!" இப்படிப்பட்ட பேச்சு அம்பாசமுத்திரம் முதல் திசையன்விளை வரை டீக்கடைகளில் சாதாரணமாகிவிட்டது. இந்தப் பேச்சில் உண்மை இருக்கிறது என்றே பூச்சியியல் படித்தவர்களும் விவசாயம் செய்பவர்களுமாகிய நாங்கள் நம்புகிறோம். பேச்சோடு விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம். எங்கள் கோரிக்கை இரண்டு. வயல் வரப்பிலும் குளக்கரையிலும் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்த வேண்டும். ஊருக்கு ஊர், ஆண்டுதோறும், ஒரே முறையில் பூச்சிகளை எண்ணத் தொடங்க வேண்டும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதற்கு ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகரப் பூச்சி ஆர்வலர்களே சான்று. 1989இல் தொடங்கி 27 ஆண்டுகள், 63 பாதுகாக்கப்பட்ட இடங்களில் ஒரே மாதிரியான கூடாரப் பொறியை வைத்து, விழுந்த பறக்கும் பூச்சிகளை எடை போட்டார்கள். எடை முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. 2017இல் அந்தக் கணக்கு வெளிவந்த பிறகே உலகம் இதைக் காது கொடுத்துக் கேட்டது. அந்த முக்கால் பங்கை அப்படியே எடுத்து நெல்லைச் சீமைக்கு ஒட்டவைப்பது தவறு. அவர்கள் பருவம் வேறு, நம் பருவம் வேறு. அவர்களுடைய பொறுமையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பொறுமை நமக்கும் புதிதல்ல. தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தன்னார்வலர்கள் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள். கரிச்சானும் பஞ்சுருட்டானும் பனங்காடையும் தின்கிற பூச்சிக்கும் ஒரு நோட்டுப் போட வேண்டிய காலம் இது.

முதலில் வரப்பு.

பத்து வயல் நடுவே நின்று பாருங்கள். நெல் ஒரே பயிர், வாழை ஒரே பயிர். அவற்றுக்கு இடையே ஆண்டு முழுதும் ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டிருக்கும் இடம் வரப்பும் வாய்க்கால் கரையும்தான். தும்பையில் நீலப்பட்டைத் தேனீ வந்து உட்காரும். வெட்டுக்காயப் பூண்டில் சின்னத் தேனீக்களும் பூ ஈக்களும் எந்த மாதமும் இருக்கும். நெருஞ்சி இலையைத் தின்று ஒரு குட்டி நீல வண்ணத்துப்பூச்சி வளர்கிறது. எருக்கில் வெந்தய வரியனின் புழு, ஆவாரையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழு. ஒரு டேங்க் கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் பதினைந்து நாளில் இவ்வளவும் கருகிவிடும். மருந்து தேனீ மேல் நேரடியாகப் படவில்லை என்பது ஆறுதல் ஆகாது. பூ போனால் தேன் போயிற்று, இலை போனால் புழு போயிற்று. கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022 அக்டோபரில் உத்தரவிட்டது. நம் வரப்புகளில் அந்த உத்தரவின் சுவடே தெரியவில்லை.

"வரப்பை வெட்டாமல் விட்டால் எலி வளை போடும், பாம்பு அடையும்" என்று விவசாயிகள் சொல்வது நியாயம். புதர் விடச் சொல்லவில்லை. வரப்பை ஒன்றரை அடி அகலத்துக்கு மேல் போடாதீர்கள், அகல வரப்பில்தான் எலி வளை தோண்டும். அரிவாளால் அறுங்கள், தரையோடு செதுக்காமல் நாலு விரற்கடை அடித்தட்டை விடுங்கள். எல்லா வரப்பையும் ஒரே நாளில் அறுக்காதீர்கள். இந்த வரப்பை இன்று அறுத்தால் பக்கத்து வரப்பை மூன்று, நான்கு வாரம் கழித்து அறுங்கள். இதில் அடிக்கடி நடக்கிற தவறு, ஆள் கிடைத்த அன்றே மொத்தத்தையும் முடித்துவிடுவது. அப்படிச் செய்தால் களைக்கொல்லிக்கும் அரிவாளுக்கும் பூச்சியைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசம் இல்லை, ஒதுங்க இடம் இராது.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்புவோர் வரப்பில் பயிரே விதைக்கலாம். கார் நெல் பருவத்தில் எள், மழைக்கால நெல் பருவமான பிசானத்தில் உளுந்து அல்லது தட்டைப்பயறு. மழைக்காலத்தில் எள்ளுக்குக் காலில் தண்ணீர் நின்றால் ஆகாது, ஆகவே பிசானத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. ஓர் அடிக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை. நடவு நாளிலோ அதிலிருந்து ஒரு வாரத்துக்குள்ளோ விதைத்துவிட வேண்டும். உளுந்து ஏறக்குறைய 35ஆம் நாள் பூக்கும், அப்போதுதான் நெல்லில் தண்டுத் துளைப்பானும் இலைச்சுருட்டுப் புழுவும் தலைகாட்டும். அவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும் சின்னஞ்சிறு குளவிகளுக்கு அந்த நேரத்தில் தேன் வேண்டும். ஒரு மாதம் தாமதமாக விதைத்தால் பூ வரும்போது நெல் கதிர் விட்டுவிடும், பலன் பாதிகூட இராது. தட்டைப்பயற்றுக்குக் கூடுதலாக ஒரு நன்மை உண்டு. பூ இல்லாதபோதும் அதன் காம்பில் தேன் சுரக்கும்.

நெல்லில் மருந்தடிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். நட்ட முதல் 40 நாளில் இலை கிழிந்ததைப் பார்த்துப் பயந்து சைபர்மெத்ரின் போன்ற மருந்தை அடிப்பது பலரின் பழக்கம். அந்த வயதில் நெல் புது இலை விட்டு ஈடுகட்டிக்கொள்ளும். அந்த மருந்தோ முதலில் கொல்வது சிலந்தியையும், நெல் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் என்ற பூச்சியின் முட்டையை உறிஞ்சும் பச்சை நாவாய்ப்பூச்சியையும்தான். இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டை தப்பிவிடும். மூன்று வாரம் கழித்து வயலில் வட்ட வட்டமாகத் தீய்ந்த திட்டுகள் தெரியும். அப்போது இன்னொரு மருந்துக்கு உரக்கடைக்கு ஓடுவார்கள். புகையானுக்கு மருந்து எப்போது அடிக்கலாம் என்பதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையே சிலந்தியைக் கணக்கில் எடுக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு புகையான் இருந்தால் அடிக்கலாம், குத்துக்கு (ஒரே இடத்தில் நட்ட தூர்களின் கூட்டத்துக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தி இருந்தாலே நாம் பொறுக்கும் அளவு இரட்டிப்பாகிறது என்று இதைப் படித்துக்கொள்ளலாம். அந்த முட்டை ஒட்டுண்ணிக் குளவிகள் வெளிவரும் அட்டையை வயலில் கட்டுவோர் ஏக்கருக்கு 2 சிசி (கன சென்டிமீட்டர்) கணக்கில், தண்டுத் துளைப்பானுக்கு நட்ட 30, 37ஆம் நாள்களிலும் இலைச்சுருட்டுப் புழுவுக்கு 37, 44, 51ஆம் நாள்களிலும் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் ஒட்டுண்ணி வகை வேறு வேறு, வாங்கும்போது பெயரைக் கேட்டு வாங்க வேண்டும். அட்டை கட்டிய வாரத்தில் மருந்து அடித்தால் காசு கொடுத்து வாங்கிய குளவியைக் காசு கொடுத்துக் கொன்றதாகும்.

இங்கே ஒரு கேள்வி வரும். பூச்சி குறைகிறது என்கிறீர்களே, தென்னையில் சுருள் வெள்ளை ஈ, மக்காச்சோளத்தில் படைப்புழு, இவையெல்லாம் பெருகுகின்றனவே? பெருகுபவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில இனங்கள், பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவற்றைத் தின்ன வேண்டியவை குறைந்த இடத்தில் அவை இன்னும் வேகமாகப் பெருகும். 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் பப்பாளியையும் வெளுக்கச் செய்தது நினைவிருக்கலாம். மருந்து அடித்து அடித்து ஓய்ந்த பிறகு, 2010இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட கடுகை விடச் சிறிய குளவிதான் அதை அடக்கியது. தென்னை வெள்ளை ஈயிலும் இதே கதைதான். என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தானாகவே வந்து சேர்கிறது. அது இருக்கும் தோப்பில் பூச்சிக்கொல்லி அடிக்க வேண்டாம் என்பதே பரிந்துரை.

காய்கறித் தோட்டத்தில் இழப்பு உடனே கண்ணுக்குத் தெரியும். கத்தரி, தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது, நுனியில் மட்டும் சிறு துளை. பூவைக் கவ்விப் பிடித்துச் சிறகு தசையை அதிரவிடும் தேனீயால்தான் அதை நன்றாக உதிர்க்க முடியும். நீலப்பட்டைத் தேனீக்கும், கருவண்டு என்று நாம் சொல்லும் பெரிய மரத்துளைத் தேனீக்கும் அந்த வித்தை தெரியும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்குத் தெரியாது. ஆகவே "தேன்பெட்டி வைத்துவிட்டேன், போதும்" என்பது கத்தரிக்குப் பொருந்தாது. சாத்தான்குளம், உடன்குடிப் பக்கத்து முருங்கையிலும் பெரிய வேலையைக் கருவண்டுதான் செய்கிறது. அது காய்ந்த மரத்தில் துளையிட்டுக் குடியிருக்கும். காய்ந்த முருங்கைக் கிளை, பட்ட மரத்தண்டு எல்லாவற்றையும் விறகுக்கு எடுத்துவிட்டால் அதற்கு வீடில்லை. தோட்டத்து மூலையில் மழை படாத இடத்தில் முழங்கை நீள மரத்துண்டு நாலைந்தைத் தரையிலிருந்து இரண்டு அடி உயரத்தில் கட்டித் தொங்கவிட்டாலே போதும். நீலப்பட்டைத் தேனீ மண் சுவரிலும் கரைச் சரிவிலும் வளை போடும். மண் சுவர்கள் இடிந்து சிமெண்டுச் சுவர் எழும்பிய தெருவில், புதிதாக நாலடி அகல மண் திட்டு ஒன்றைப் பூசாமல் விட்டுவைப்பது பெரிய உதவி.

சின்னத் தேனீக்களுக்கு மூங்கில், ஆமணக்குத் தண்டு, நாணல் கட்டு வைக்கலாம். துவாரம் ஒரு நூல் அளவிலிருந்து (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) சுண்டுவிரல் பருமன் வரை கலந்திருக்கட்டும், நீளம் ஒரு சாண். ஒரு முனை கணுவால் அடைபட்டிருக்க வேண்டும், இரு பக்கமும் திறந்திருந்தால் தேனீக்கள் எளிதில் குடியேறா. கிழக்குப் பார்த்த தாழ்வாரத்தில், இடுப்பு உயரத்துக்கு மேல், ஆடாமல் கட்ட வேண்டும். எறும்பு ஏறாதபடி கயிற்றில் கிரீஸ் தடவ வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை காலியான பழைய தண்டுகளை மாற்றாவிட்டால் உண்ணியும் பூஞ்சையும் சேர்ந்து, வீடு கட்டிக்கொடுத்த நாமே நோயைப் பரப்பியவர்களாவோம்.

மருந்து அடிக்கும் நேரத்தைப் பற்றி "மாலையில் அடியுங்கள்" என்று எல்லாரும் சொல்கிறோம். பூசணிக்கு அது சரி. பூசணிப் பூ விடியலில் விரிந்து முற்பகலிலேயே மூடிவிடும். பீர்க்கு, சுரை, புடலைக்கு அது தவறு. இவற்றின் பூ மாலையிலும் இரவிலும் விரியும், அந்துப்பூச்சிகளும் அந்திநேரத் தேனீக்களும்தான் வந்து போகும். மாலை ஐந்து மணிக்கு மருந்தடித்தால் நேராகச் சாப்பாட்டு இலையில் விஷம் தெளித்தது போலாகும். முந்தின இரவுப் பூ வாடிய பிறகு, முற்பகலில், முகக்கவசத்தோடு அடிப்பதே இவற்றுக்குச் சரி. நெல் பூக்கும் நாள்களில் ஒன்பது மணியிலிருந்து நண்பகல் வரை தெளிப்பானை எடுக்கவே கூடாது. நெல்லுக்குக் காற்றே போதும் என்றாலும் தேனீக்கள் மகரந்தம் எடுக்க வரும் நேரம் அது. விதை நேர்த்தியில் சேர்க்கும் இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம் போன்ற பூச்சிக்கொல்லிகள் செடி முழுக்க ஊடுருவி, பூந்தேனிலும் மகரந்தத்திலும் வந்துவிடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை விதித்தது இதனால்தான். சூரியகாந்திக்கும் பருத்திக்கும் விதை வாங்கும்போது என்ன நேர்த்தி செய்திருக்கிறது என்று பையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வர வேண்டும்.

மாட்டுச் சாணத்தை யாரும் யோசிப்பதில்லை. குடற்புழுவுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி சாணத்தின் வழியே வெளியேறுகிறது, சில வாரங்களுக்கு அந்தச் சாணத்தில் சாணவண்டின் புழு பிழைப்பதில்லை. மேய்ச்சல் தரையில் சாணம் துளையே இல்லாமல் வறட்டியாகக் காய்ந்து கிடந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் சாணப் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து கொடுக்கலாம். அல்பெண்டசோல், பென்பெண்டசோல் வகைகள் சாணவண்டுக்கு இவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஐவர்மெக்டினே வேண்டியிருந்தால் முதல் இரண்டு வாரச் சாணத்தை மேய்ச்சலில் விடாமல் குப்பைக்குழியில் சேர்ப்பது நல்லது.

தெருவிளக்கைப் பற்றி ஊராட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள். நீலம் கலந்த வெள்ளை எல்இடி விளக்கு அந்துப்பூச்சியை மஞ்சள் நிற விளக்கைவிட அதிகம் இழுக்கும். வெதுவெதுப்பான மஞ்சள் நிற விளக்கு, அதாவது 2700 கெல்வின் என்று பெட்டியில் போட்டது, குறைவாக இழுக்கும். ஒளி கீழ்நோக்கி மட்டும் விழும்படி மூடி வேண்டும். குளக்கரையிலும் வயல் ஓரத்திலும் உயர்கோபுர விளக்கு வைக்கவே வேண்டாம். மின்மினிக்கு இருட்டுதான் பேச்சு மொழி, வெளிச்சத்தில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதில்லை. குளக்கரை சுத்தம் செய்யும் வேலையில் ஆவாரை, எருக்கு, துத்தி உட்பட ஒரு புல் விடாமல் சுரண்டாமல், மூன்றில் ஒரு பங்கு நீளத்தை அந்த ஆண்டு தொடாமல் விட்டு, அடுத்த ஆண்டு பங்கை மாற்றிக்கொள்ளலாம். மடையும் மறுகாலும் தெரிய வேண்டிய இடத்தைச் சுத்தம் செய்வதை யாரும் தடுக்கவில்லை.

இனி எண்ணும் முறை. பள்ளிப் பிள்ளைகளாலும் முடியும், கருவி எதுவும் வாங்க வேண்டாம்.

பகலில் பூ எண்ணிக்கை: கயிறு அல்லது நாலு குச்சியால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடிச் சதுரம் போடுங்கள். உள்ளே ஒரே வகைப் பூ இருக்கட்டும், தும்பை, துளசி, எள் எதுவானாலும். முதலில் எத்தனை பூ என்று எழுதுங்கள். பிறகு பத்து நிமிடம், பூவைத் தொடும் பூச்சிகளை மட்டும் எண்ணுங்கள். பெயர் தெரிய வேண்டாம்: தேனீ, சின்னத் தேனீ, கருவண்டு, குளவி, ஈ, வண்ணத்துப்பூச்சி, வண்டு, எறும்பு, மற்றவை என்று ஒன்பது கட்டம் போதும். காலை ஒன்பது முதல் பதினொன்றுக்குள், வெயில் இருக்கும்போது, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அதே இடத்தில். பூச்சி நிறையத் தெரியும் செடியைத் தேடிப் போய்ச் சதுரம் போடுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. இடத்தை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். நம் நிழல் பூவில் விழக் கூடாது. ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும் தென்காசி, பணகுடிப் பக்கங்களில் அந்த மாதக் கணக்கை அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடு மட்டுமே ஒப்பிட வேண்டும், மார்கழியோடு ஒப்பிட்டால் காற்றை எண்ணியதாகிவிடும்.

இரவில் விளக்குத் துணி: அமாவாசையை ஒட்டிய இரவு, ஏழிலிருந்து ஒன்பது மணி வரை. வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்து முன்னால் ஒரு பல்பு. கால் மணிக்கு ஒரு தடவை செல்போனில் முழுத் துணியையும் படம் எடுங்கள், மறுநாள் எண்ணலாம். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து விடுங்கள், பூச்சி அதன் வேலைக்குப் போகட்டும். பல்பின் வாட்டும் நிறமும் எல்லா ஆண்டும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பல்பை மாற்றினால் கணக்கு முறிந்துவிடும், ஆகவே தொடங்கும்போதே அதே வகையில் இரண்டு, மூன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

செம்மண் விளைகளில் முதல் மழைக்குப் பின் வரும் தம்பலப்பூச்சியையும் எழுதலாம். எட்டுக் கால் உள்ளதால் அது உண்ணி இனம், பூச்சியில் சேராது. என்றாலும் அதன் குஞ்சு வெட்டுக்கிளி போன்ற பூச்சிகளின் உடலில் ஒட்டி வளர்வதால், அது வருவதும் வராததும் மண்ணைப் பற்றிச் சேதி சொல்லும். உடை மரத்தில் பொன்வண்டு வருகிறதா என்பதும் அப்படியே.

நோட்டில் பூச்சிக்குப் பக்கத்தில் மழையளவும் இருந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்துக்குப் பின் தரைக்குள் முட்டையிட்டவை எல்லாம் குறையத்தான் செய்யும், அதை மருந்தின் மேல் போடக் கூடாது. நல்ல மழை ஆண்டில் கூடினால் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்லக் கூடாது. இரண்டு ஆண்டுக் கணக்கு எதையும் நிரூபிக்காது. பத்து ஆண்டு வேண்டும். ஆசிரியர் மாறினாலும், பிள்ளைகள் படித்துப் போனாலும் நோட்டுப் போகாதபடி ஒரு படி பள்ளியிலும் ஒரு படி ஊர் நூலகத்திலும் இருக்கட்டும்.

புரட்டாசிக்குள் இடத்தைத் தேர்ந்து, பிசான நடவுக்கு முன் முதல் எண்ணிக்கையை எடுத்துவிட்டால் மழைக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் இந்த ஆண்டே பதிவாகும். தங்கள் நாளிதழில் மாதம் ஒருமுறை சிறிய இடம் ஒதுக்கி, ஊர்ப் பெயரோடு இந்த எண்ணிக்கைகளை வெளியிட்டால் பக்கத்து ஊரும் எண்ணத் தொடங்கும். எண்ணும் முறையைப் பள்ளிகளுக்கு நேரில் வந்து காட்டித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பூச்சியியல் படித்தோரும் விவசாயிகளும் சிலர்,
சேரன்மகாதேவி வட்டாரம், திருநெல்வேலி மாவட்டம்.